ஜோனின் போர்வைக்கு அம்மா எழுதிய தீர்ப்பு

தம்பிக்கு,

போன ஞாயிறு நீ பிரிஸ்பேனிலிருந்து போன் எடுத்தபோது கேட்ட கேள்விக்கு அம்மா சரியாக மறுமொழி சொல்லவில்லை. உன் கலியாண மண்டபத்தில் முன் வரிசையில், மாமா குடும்பத்துக்குப் பக்கத்தில், ஜோன் அன்ரிக்கும் ரொன் அங்கிளுக்கும் கதிரை போட வேண்டும் என்று அவ பிடிவாதமாக நிற்கிறா. சுகந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று நீ யோசிக்கிறாய். "பக்கத்து வீட்டு ஆக்கள்தானே அம்மா, ரெண்டாவது வரிசை காணாதா?" என்று கேட்டாயாம். "இல்லை, முன்னுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, ரிசீவரை என் கையில் தந்துவிட்டு, அடுப்பு வேலை என்று அவ குசினிக்குள் போய்விட்டா. காரணம் சொல்லத் தெரியாமல் அல்ல. சொன்னால் தன்னைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். அது அவவுக்குப் பிடிக்காது என்று உனக்குத் தெரியும். ஆகவே நான் எழுதுகிறேன். நாங்கள் மெரிலேண்ட்ஸுக்குக் குடிவந்த கொஞ்சக் காலத்திலேயே நீ படிக்கப் போய்விட்டாய். லீவுக்கு வரும்போது சாப்பாட்டு மேசை முழுக்கத் துணித் துண்டுகள் கிடக்கும்; நீ தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவாய். அம்மாவின் குவில்ட் போர்வை வேலையில் நீ கண்டது அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்த அம்மாவை இங்கே எந்தப் பள்ளிக்கூடமும் எடுக்கவில்லை. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஜன்னல் திரைச்சீலைகள் தைக்கிற ஓர் இடத்தில் தையல் மெஷினில் இருந்தா. ஜோன் அங்கே துணி வெட்டுகிற மேசையில் வேலை செய்தா. பக்கத்து வீடு என்பதால் தினமும் தன் காரிலேயே அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவா. பவளராணி என்ற பெயர் வாயில் வராமல் "பவி" என்று சுருக்கியதும் ஜோன்தான். ஒரு மார்ச் மாதம் ஜோனும் அவவின் கணவர் ரொனும் எங்களை மாவட்டக் கண்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் ரொனோடு மாடுகளையும், ஆள் உட்காரக்கூடிய பூசணிக்காய்களையும் பார்த்துக்கொண்டு திரிந்தேன். ரொன் பஸ் ஓட்டுகிறவர், பேச்சுக் குறைவு. இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்தது. திரும்பி வந்து தேடினால் அம்மா கைவேலைக் கூடத்தில், ஒரு குவில்டுக்கு முன்னால், அசையாமல் நிற்கிறா. சுகந்திக்கும் வாசித்துக் காட்டுவாய் என்பதால் சொல்கிறேன்: மேலே சின்னச் சின்னத் துணித் துண்டுகளை வெட்டி உருவமாகப் பொருத்திய விரிப்பு, நடுவில் பஞ்சு, கீழே ஒரு முழுத் துணி, இந்த மூன்றையும் சேர்த்து நுணுக்கமான தையலால் கட்டிப்போட்டால் அதுதான் குவில்ட். அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இஞ்ச பாருங்கோ, இது முழுக்க ஜியோமெட்ரி" என்றா. அந்தக் குரலை நான் ஊரை விட்டு வந்த பிறகு கேட்டிருக்கவில்லை.

அடுத்த வருடமே அவ ஒரு குவில்ட் தைத்துப் போட்டிக்குக் கொடுத்தா. அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல ஏலாது. காரில் வரும்போது, "நாங்கள் கறுப்பர் எண்டபடியாத்தான். வேற என்ன?" என்று கத்தினேன். வேலை தேடி அலைந்த காலத்தில் எனக்கு நடந்தவை எல்லாம் அந்த நேரம் நினைவில் வந்துவிட்டன. அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அதில பேரே இல்லையப்பா. நம்பர் மட்டும்தான் குத்தியிருந்தது. ஆர் தைச்சதெண்டு தீர்ப்புச் சொன்ன மனுசிக்குத் தெரியாது" என்றா. வீட்டுக்கு வந்ததும் குவில்டைக் கட்டிலில் விரித்து, மறுபக்கம் புரட்டி, ஒவ்வொரு இடமாக எனக்குக் காட்டினா. நூல் முடிச்சுகள் வெளியே தெரிந்தன. மூலைகள் மடிப்பாக இல்லாமல் மொத்தையாக இருந்தன. ஓரம் அலை அலையாக நெளிந்தது. "எனக்கு உலகத்தில ஆயிரம் இடத்தில அநியாயம் நடக்கலாம். இது அதில ஒண்டில்லை" என்று சொல்லிவிட்டு மடித்து வைத்தா. தம்பி, நீ புது உத்தியோகத்துக்குப் போகப்போகிறாய். இந்த நாட்டில் உனக்கு அநியாயம் நடக்கத்தான் செய்யும். அதைக் கண்டால் சும்மா விடாதே. ஆனால் உன் வேலையை ஆராவது குறை சொன்னால், சொன்னவனின் முகத்தைப் பார்க்க முதல் வேலையைப் புரட்டிப் பார். அம்மா செய்தது அதைத்தான்.

அங்கே தீர்ப்புச் சொல்வதை நாங்களும் இருந்து பார்க்கலாம். கயிறு கட்டி, அதற்கு இந்தப் பக்கம் கதிரைகள் போட்டிருப்பார்கள். அப்போது நடுவராக இருந்தவ மிஸிஸ் ஹாலரன் என்ற உயரமான மனுசி. வெள்ளைக் கையுறை போட்டிருப்பா. இரண்டு பேர் குவில்டைத் தூக்கிப் பிடிக்க, முதலில் கூடத்தின் மறுகோடிக்குப் போய் நின்று பார்ப்பா. நிறமும் அமைப்பும் அங்கேயிருந்து பிடிபட வேண்டும். பிறகு கிட்ட வருவா. நட்சத்திரத்தின் முனை கூராக முடிகிறதா, பக்கத்துத் துணிக்குள் புகுந்து வெட்டுப்படுகிறதா என்று பார்ப்பா. பிறகு புரட்டச் சொல்லுவா. பின்பக்கத்திலும் தையல் முன்பக்கம் மாதிரியே ஒரே அளவாக இருக்க வேண்டும். கோடு போட்ட பென்சில் அடையாளம் எங்கும் தெரியக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனமாவது சொல்லுவா, பக்கத்தில் நிற்கிற உதவியாளர் எழுதிக்கொள்வார். எல்லாம் முடிந்து சனம் கலைந்த பிறகு அம்மா கயிற்றடியில் போய் நிற்பா. தனக்கு ஏன் பரிசு கிடைக்கவில்லை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. "மற்றது ஏன் முதலாவது?" என்றுதான் கேட்பா. அந்த உயரமான மனுசி கையுறையைத் திரும்பப் போட்டுக்கொண்டு, பரிசு பெற்ற குவில்டின் மூலையைத் தூக்கிக் காட்டி விளங்கப்படுத்துவா. நான் காரைத் துவக்கிவிட்டுக் காத்திருந்து, பிறகு நிப்பாட்டிவிட்டுக் காத்திருப்பேன்.

பெரும்பாலும் முதலாவது பரிசு ஜோனுக்குத்தான். அவவின் தையல் அப்படி. மூச்சு விடுகிற மாதிரி ஒரு சீராக ஓடும். அம்மாவுக்கு முதலில் மூன்றாவது கிடைத்தது, பிறகு இரண்டாவது. இரண்டு பேரும் எங்கள் குசினியில் இருந்து ஒரே மேசையில் தைப்பார்கள். தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடக்கும். அதே நேரம் ஒருவரை ஒருவர் வெல்ல வேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் ஒளிவுமறைவு கிடையாது. "இந்த முறை உன்னை விழுத்துறன் பார்" என்று அம்மா சொல்ல, "முயற்சி செய், பவி, முயற்சி செய்" என்று ஜோன் சிரிப்பா. (ஜோன் பேசியது இங்கிலிஷில்தான், நான் எங்கட தமிழில் எழுதுகிறேன்.) போட்டி போட்டுக்கொண்டே ஒருவருக்கொருவர் ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கிற ஆட்களை நான் அதற்கு முதல் கண்டதில்லை.

இனித்தான் விஷயம். இரண்டு குளிர்காலம் முழுக்க அம்மா ஒரு குவில்ட் தைத்தா. கடும் நீலத்தில் வெள்ளை நட்சத்திரங்கள், ஒவ்வொன்றும் எட்டு முனை. அது முதலாவது வரும் என்று ஜோனே சொல்லிவிட்டா. கண்காட்சிக்கு ஏழெட்டு மாதங்கள் இருக்கும்போது மிஸிஸ் ஹாலரன் குயின்ஸ்லாந்துக்குக் குடிபெயரப் போவதாகச் செய்தி வந்தது. கண்காட்சிக் குழுத் தலைவர் வீட்டுக்கு வந்தார். புது நடுவராக அம்மாவைப் போடும்படி மிஸிஸ் ஹாலரன் சொன்னாவாம். "இவ்வளவு காலத்தில் மற்றவர்களின் வேலை ஏன் நல்லது என்று கேட்டது அந்தப் பெண் ஒருத்திதான்" என்றாவாம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் நடுவராக இருப்பவர் போட்டியில் சேர ஏலாது. "ரெண்டு வருசமா கண்ணைக் கெடுத்துத் தைச்சனீர். இந்த முறை போட்டியில போடும், அடுத்த முறை நடுவரா இரும்" என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா, "தைச்சது பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கும். இந்த ஆக்கள் என்னை நம்பி இண்டைக்கு ஒருக்காக் கேட்டிருக்கினம். நான் பிறகு பாப்பம் எண்டா, பிறகு எங்கட ஆக்களில ஒருத்தரையும் கேக்க மாட்டினம்" என்றா. ஜோன் வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்து, "நீ இல்லாமல் வெல்றதில எனக்கு ருசி இருக்காது" என்றா.

அந்தக் குளிர்காலத்தின் முடிவில், ஆகஸ்டில்தான், ஜோன் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்தா. நாள்கணக்காக அல்ல, மாதக்கணக்காகக் கை மாவுக்கட்டில் இருந்தது; கழற்றிய பிறகும் விரல் மடங்கவில்லை. தொடங்கிய குவில்ட் பாதியில் கிடந்தது. அம்மா நடுவர் என்பதால் அந்த வருடம் ஜோனின் தையல் மேசைப் பக்கமே போகவில்லை. எதையும் முன்கூட்டிப் பார்க்கக்கூடாது என்று தனக்குத்தானே கட்டளை போட்டிருந்தா. எப்படியோ முடித்து ஜோன் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டா என்று ரொன் வேலிக்கு மேலால் எனக்குச் சொன்னார்.

தீர்ப்பு நாளில் அம்மா சாம்பல் நிறச் சேலையும் வெள்ளைக் கையுறையுமாக அந்தக் கூடத்தில் நின்றதை நீ பார்த்திருக்க வேண்டும். குரல் நடுங்கவில்லை. ஒவ்வொரு குவில்டிலும் முதலில் நல்லதைச் சொன்னா, பிறகு குறையைச் சொன்னா, இரண்டையும் ஒரே குரலில் சொன்னா. கடைசிக்கு முந்தினதாகத் தூக்கிப் பிடித்தது சிவப்பும் மண்ணிறமுமான ஒரு குவில்ட். பார்த்ததும் எனக்கே விளங்கிவிட்டது. அந்தத் தையல் ஜோனுடையது. கூடத்தில் ஒரு ஆரவாரம். அதற்கு நிகராகப் பக்கத்தில் வைக்க அங்கே வேறொன்றும் இருக்கவில்லை. அம்மா தூரத்தில் நின்று பார்த்தா, கிட்ட வந்து பார்த்தா, புரட்டிப் பார்த்தா. பிறகு ஓரத்தைச் சுற்றித் தைத்த பட்டியை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்தா. கையால் தைத்தது என்றால் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். இது கொடுக்கவில்லை. நாள் முழுக்க மெஷினில் இருக்கிறவளின் விரலுக்கு அது தெரியாமல் போகுமா? குனிந்து மடிப்பை விரித்துப் பார்த்தா. மெஷின் தையல். அதை மறைத்து மேலால் கையால் ஒரு வரி தைத்திருந்தது. அந்தப் பிரிவின் விதி ஒரு வரிதான்: முழுக்க முழுக்கக் கையால் தைத்ததாக இருக்க வேண்டும். அம்மா நிமிர்ந்து, விரித்த மடிப்பைத் திரும்பச் சரிப்படுத்தினா. நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஜோனுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். ஜோன் தன் மடியில் கிடந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு அம்மா உதவியாளருக்குச் சொன்னது எல்லாருக்கும் கேட்டது: "இந்தக் கூடத்திலேயே மிக அழகான வேலை இது. ஆனால் இந்தப் பிரிவுக்கு உரியது அல்ல. ஓரம் மெஷினில் தைத்திருக்கிறது. எழுதுங்கோ."

ஜோன் எழும்பிக் கைப்பையை மாட்டிக்கொண்டு வெளியே போனா. ரொன் தொப்பியை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். சனம் கசமுசவென்று பேசத் தொடங்கியது. "அந்த இந்தியப் பொம்பிளை" என்று ஆரோ சொன்னது என் காதில் விழுந்தது. குழுத் தலைவர் கயிற்றைத் தாண்டி வந்து அம்மாவை ஒரு பக்கம் கூப்பிட்டார். நல்ல மனுசன், பாவம், வியர்த்துப் போயிருந்தார். "ஜோனின் கை முறிந்தது உங்களுக்குத் தெரியும்தானே? ஒரு ஓரம்தானே? ஒரு சிறப்புப் பரிசாவது கொடுக்க ஏலாதா?" என்றார். அம்மா சொன்ன மறுமொழியை நான் இன்னும் மறக்கவில்லை. "கை முறிஞ்சது எனக்குத் தெரியும். நடுவருக்குத் தெரியாது. இஞ்ச வாற எல்லாரும் நம்பருக்குப் பின்னால நிக்கினம். ஜோனுக்கு மட்டும் நான் பேரைப் பாத்தா, போன வருசம் எனக்குத் தந்த பரிசு ரிபனையும் ஆரோ பேரைப் பார்த்துத்தான் தந்ததெண்டு ஆகிடும்." அவர் கயிற்றைத் தாண்டித் திரும்பிப் போனார். அம்மா மிச்சமிருந்த ஒன்றையும் அதே நிதானத்தோடு பார்த்து முடித்தா. காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் கையுறையைக் கழற்றினா.

அதற்குப் பிறகு பக்கத்து வீட்டிலிருந்து சத்தமே இல்லை. ஜோன் வேலைக்குத் தனியே போனா. அம்மா பஸ்ஸில் போனா. ஒரு நாள் அது ரொன் ஓட்டுகிற பஸ்ஸாகவே இருந்ததாம். அவர் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னாராம், அதற்கு மேல் ஒன்றுமில்லையாம். இந்த நாட்டில் எங்களுக்கென்று இருந்த ஒரு வீடு அது. அப்போது நீ இல்லை, சொந்தம் இல்லை, கோயில் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. "போய் ஒரு ஸொரி சொல்லிவிட்டு வாருமன். என்ன குறைஞ்சு போகுது?" என்றேன். "எதுக்கு ஸொரி? பிழை செய்யாமல் மன்னிப்புக் கேட்டா அது அவவை ஏமாத்துறது. ஆனா போகத்தான் வேணும். எப்பிடிப் போறதெண்டுதான் யோசிக்கிறன்" என்றா. நீங்கள் இரண்டு பேரும் ஒரு வீட்டில் வாழப்போகிறீர்கள். இதை நீ கவனிக்க வேண்டும். சண்டை தீர வேண்டும் என்பதற்காகப் பொய்யாகத் தலையாட்டுகிறது சுகம். அம்மா அந்தச் சுகத்தை எடுக்கவில்லை. அதே நேரம் சரி என் பக்கம்தான் என்று கதிரையில் சாய்ந்து இருந்துவிடவுமில்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம், பெட்டிக்குள் கிடந்த நீலக் குவில்டை எடுத்து என் கையில் தந்து, "தூக்கிக்கொண்டு வாங்கோ" என்றா. பாரம் அல்லவா, நான் பின்னால் போனேன். ஜோன்தான் கதவைத் திறந்தா. முகம் இறுகியிருந்தது. அம்மா, "இதை நான் போட்டிக்குப் போடேல்லை. அதால ஆரும் இதைப் பாத்துத் தீர்ப்புச் சொல்லவுமில்லை. நீ சொல்லு. ஒண்டையும் விடாதே" என்றா. ஜோன் அம்மாவையும் குவில்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வழி விட்டா. நான் அதைக் கட்டிலில் விரித்துவிட்டு வெளியே வந்தேன். ரொன் குசினியில் இருந்தார். எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். இரண்டு ஆம்பிளைகளும் சுவருக்கு அந்தப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு, மேசைவிரிப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

முதலில் கட்டிலைச் சுற்றி நடக்கிற காலடி மட்டும் கேட்டது. பிறகு ஜோனின் குரல், நடுவர்மார் பேசுகிற மாதிரி, உணர்ச்சியில்லாமல்: "இந்த நட்சத்திரத்தின் முனை வெட்டுப்பட்டிருக்கு. இங்க பென்சில் தெரியுது. இந்த மூலை மற்ற மூன்றையும் விடத் தடிப்பு." அம்மா ஒவ்வொன்றுக்கும் "ஓம்" என்றா. "இந்த இடத்தில தையல் பெரிசாப் போயிருக்கு. அண்டைக்குக் களைப்பா?" "இல்லை. அண்டைக்கு இவரோட சண்டை." ரொன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அதற்குப் பிறகு உள்ளே குரல் மாறியது. ஜோன் சொன்னா: "நான் விதியை வாசிச்சனான், பவி. தெரியாமல் செய்யேல்லை. மெஷினில தைக்கேக்க நீ அந்த ஓரத்தை இழுத்துப் பாப்பாய் எண்டும் தெரியும். என்ர தையலைக் கண்டவுடன இழுக்காமல் விடுவாய் எண்டு நினைச்சன். எனக்கு வெக்கம் அதிலதான், ரிபனில இல்லை." குவில்டைத் திரும்பப் புரட்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, இதுக்கு என்ன இடம் தருவாய்?" என்று அம்மா கேட்டா. "இரண்டாவது" என்றா ஜோன், யோசிக்காமலே. "அப்ப முதலாவது ஆருக்கு?" "என்ர கை சுகமாகட்டும், அடுத்த வருசம் வந்து பார்." பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ரொன் எழும்பித் தேத்தண்ணிக் கேத்திலை அடுப்பில் வைத்தார்.

அம்மா தான் திரும்பப் போட்டியில் சேரப்போவதாகச் சொல்லிவிட்டதால் அடுத்த வருடத்துக்கு வேறொரு நடுவர் வந்தா. அம்மா நீலக் குவில்டைப் போட்டா; பெரிசாகப் போயிருந்த தையலைப் பிரித்துத் திருத்தவில்லை, அது அந்த நாளின் தையல் என்று விட்டுவிட்டா. ஜோன் சிவப்புக் குவில்டின் ஓரத்தை முழுக்கப் பிரித்து, சுகமான கையால் திரும்பத் தைத்துப் போட்டா. நானும் ரொனும் ஆருக்கு முதலாவது வந்தால் ஆரை எப்படித் தேற்றுவது என்று கூடப் பேசி வைத்திருந்தோம். ஜோனுக்கு இரண்டாவது கிடைத்தது, அம்மாவுக்கு மூன்றாவது. முதலாவதுக்கான நீல ரிபன் போனது கிரான்வில்லில் இருந்து வந்த, எங்களில் ஒருவருக்கும் தெரியாத ஒரு கிரேக்கப் பெண்ணின் குவில்டுக்கு. பார்த்தால் சாதாரணமாக இருந்தது, வெறும் வெள்ளைத் துணியில் வெள்ளை நூல். நாங்கள் இரண்டு பேரும் ஆறுதல் சொல்லத் தயாராகப் போனால், இவர்கள் இரண்டு பேரும் அதற்கு முன்னால் குனிந்துகொண்டு நிற்கிறார்கள். கையுறை போட்ட உதவியாளப் பிள்ளையிடம் ஜோன் கெஞ்சிக்கொண்டிருந்தா. அந்தப் பிள்ளை மூலையைத் தூக்கிப் பின்பக்கத்தைக் காட்டியது. இரண்டு தலையும் ஒன்றோடொன்று முட்டின. வெள்ளைக்குள் வெள்ளையாக ஒரு திராட்சைக் கொடி முழுக்க ஓடியிருந்தது. எது முன்பக்கம், எது பின்பக்கம் என்றே சொல்ல ஏலாது. அம்மா என் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்து, "இஞ்ச பாருங்கோ, இஞ்ச பாருங்கோ, எங்களை எப்பிடித் தோக்கடிச்சிருக்கிறா எண்டு பாருங்கோ" என்றா. அவவின் கண்ணில் தண்ணீர். ஜோன் பக்கத்தில் நின்ற ஒவ்வொருத்தரிடமும், "இதைத் தைச்ச ஆள் இங்கதானே இருக்கிறா? ஆர்? எங்க?" என்று கேட்டுக்கொண்டு, அம்மாவின் கையையும் பிடித்துக்கொண்டு, அந்தக் கூட்டத்துக்குள் தேடப் புறப்பட்டா.

அன்புடன்,
அப்பா